பலாக்கட்டை மஞ்சள் துணியில் நிற்க எனக்கு நாலு வருஷம் ஆனது

தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30 அதிகாலையில். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஏறிய அந்தக் காற்று பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் படுக்க வைத்துவிட்டுப் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பெரியப்பா தோப்பில் தாத்தா வைத்த பலா மரங்கள் பதினொன்று வேரோடு சாய்ந்தன. ஒரே நாளில் ஊர் முழுக்க மரம் விழுந்தால் விலை எங்கே இருக்கும், அடிமாட்டு விலைக்கு லாரி லாரியாகப் போனது. பெரியப்பா பத்து மரத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டு வாசலை ஒட்டி நின்ற ஒன்றை மட்டும் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டார். அதை அறுத்துத்தான் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு நிலையும் கதவும் செய்து கொடுத்தார். மிச்சத் துண்டுகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டோம்.

2020 ஐப்பசி மழையில் அந்தக் கதவு ஊதிக்கொண்டு சாத்த வரவில்லை. ஆசாரியை வரச்சொன்னேன். எட்டு வருஷத்தில் கதவு நன்றாகப் பழுத்து, காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. அவர் இழைப்புளியை வைத்து ஒரு இழுப்பு இழுத்ததும் சுருண்டு விழுந்த சீவல் பளீரென்று மஞ்சள். எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்ட மாதிரி இருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்ததைக் கவனித்து அவரே சொன்னார், "பலான்னா அப்படித்தாம்மா. வெயில் படற பக்கம் கறுத்துக்கும், உள்ள மஞ்சளாவே இருக்கும். ரெண்டு நாள் தொடர்ந்து இழைச்சா எங்க கை கல்யாண வீட்டுக் கை மாதிரி ஆயிடும்."

சீவலில் கொஞ்சம் காற்றில் பறந்து, துவைக்க ஊறவைத்திருந்த என் வீட்டுக்காரர் வேட்டி வாளியில் விழுந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வேட்டியில் அங்கங்கே இளமஞ்சள் திட்டு. இரண்டு துவைப்பில் போய்விட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது, இவ்வளவு அழகான மஞ்சள் ஏன் நிற்காமல் போனது என்று. நான் தையல்காரி, இருபது வருஷமாகத் துணியோடு இருக்கிறவள், அதனால் அந்தக் கேள்வியை விட முடியவில்லை. அதற்குப் பின் கற்றுக்கொண்டதையும் கெடுத்துக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு என் தவறுகள் மிச்சமாகும்.

முதலில் அந்த மஞ்சள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் மோரின். செடி கொடி மரங்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொள்ளும் ஃபிளேவனாய்டு என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. வெங்காயத் தோலில் இருக்கும் குவெர்செட்டின் என்பதைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், மோரின் அதனுடைய கூடப்பிறந்தது மாதிரி. இரண்டிலுமே 15 கார்பன், 10 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன். ஒரே ஒரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. பெயர் வந்தது அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் ஃபஸ்டிக் என்ற சாய மரத்திலிருந்து. அந்த மரத்துக்கு அந்தக் காலத்தில் தாவரவியலில் மோரஸ் டிங்க்டோரியா என்று பெயர், அதிலிருந்து மோரின். மோரஸ் என்றால் முசுக்கொட்டை. பலாவும் அதே குடும்பத்து மரம்தான். நம் பலாக்கட்டையில் இருப்பதும் மோரின்தான் என்று 1895-இல் ஏ.ஜி. பெர்கின், கோப் என்ற இருவர் பிரித்துக் காட்டினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தப் பெர்கினின் அப்பாதான் 1856-இல் முதல் செயற்கைச் சாயமான மாவ் நிறத்தைக் கண்டுபிடித்தவர். அப்பா கொண்டுவந்த செயற்கைச் சாயத்தால் மரச் சாயமெல்லாம் ஓரங்கட்டப்பட்டது, மகன் உட்கார்ந்து அந்த மரச் சாயங்களுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தாய்லாந்து, பர்மா பக்கம் காட்டு மடங்களில் இருக்கும் பிக்குகள் பலாக்கட்டையைச் செதுக்கிக் கொதிக்க வைத்துத்தான் தாங்கள் உடுத்தும் சீவரத்துக்கு நிறம் ஏற்றுவார்கள். இதைப் படித்தபோது, முக்கனியில் ஒன்று என்று பழத்தை மட்டும் கொண்டாடிவிட்டு மரத்தூளை அடுப்புக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் தடவை சீவலைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, கடையில் வாங்கிய காடாத் துணியை நேரே முக்கினேன். பாத்திரத்தில் இருக்கும்போது தேவலோகத் துணி மாதிரி இருந்தது. அலசினதும் பாதி போனது, சோப்புப் போட்டதும் மீதி போனது, வேட்டியில் நடந்த அதே கதை. மோரினுக்குப் பருத்தி நூலைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் சக்தி கிடையாது, நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஆள் படிகாரம். சவரக் கடையில் முகத்தில் தேய்ப்பார்களே, கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் போடுவார்களே, சிலர் சீனாக்காரம் என்று சொல்வார்கள், அதேதான். அதிலிருக்கும் அலுமினியம் ஒரு கையால் நூலையும் இன்னொரு கையால் மோரினையும் பிடித்துக்கொள்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, என் அக்கா மகன் கல்லூரியில் வேதியியல் படிக்கிறவன் காட்டிக்கொடுத்தான். இரண்டு கண்ணாடி டம்ளரில் பலாக்கட்டை ஊறின தண்ணீரை ஊற்றினான். ஒன்றில் படிகாரத் தூளை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டுக் கலக்கினான். மங்கலாக இருந்த தண்ணீர் என் கண்ணெதிரே தெளிவான எலுமிச்சை மஞ்சளாக மாறியது. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தான். படிகாரம் போடாத டம்ளர் சும்மா இருந்தது. போட்ட டம்ளர் பச்சையாக ஒளிர்ந்தது, மின்மினியை டம்ளருக்குள் பிடித்துப் போட்டதுபோல. "சித்தி, இதை வெச்சுத்தான் லேப்ல தண்ணியில அலுமினியம் இருக்கான்னே கண்டுபிடிப்பாங்க" என்றான். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் உறைத்தது, நான் போடுவது சாயம் மட்டும் இல்லை, ஒரு மரத்துப் பொருளையும் ஒரு உலோகத்தையும் துணிக்குள் வைத்துச் சேர்த்து வைக்கிறேன் என்று. அதற்குப் பிறகு செய்த எல்லாத் திருத்தமும் அந்த டம்ளரில் பார்த்ததை மனசில் வைத்துச் செய்ததுதான்.

படிகாரம் தெரிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. பருத்தி படிகாரத்தையும் சரியாக வாங்கிக்கொள்ளாது. பட்டும் கம்பளியும் வாங்கும், அவை பிராணியிலிருந்து வருகிற நூல். பருத்திக்கு முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும், அந்தத் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்து நிறுத்தும். துவர்ப்புக்கு நம் ஊரில் கடுக்காயை விட நல்லது இல்லை, கலம்காரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதான். நாட்டு மருந்துக் கடையில் கொட்டை நீக்கின கடுக்காய்ப்பொடி கேட்டு வாங்கினால் போதும்.

இப்போது நான் செய்கிற முறையை அளவோடு சொல்கிறேன். எல்லாக் கணக்கும் உலர்ந்த துணியின் எடையை வைத்துத்தான், தண்ணீரை வைத்து இல்லை. துணி ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காடாத் துணியாக இருந்தால் அதில் நெசவுக் கஞ்சி இருக்கும், அதை எடுக்காமல் என்ன செய்தாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும். நான் ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறேன். அந்தத் தண்ணீர் டீத்தண்ணீர் மாதிரிப் பழுப்பாக இறங்கும், முதல் தடவை பார்த்தபோது வெள்ளைத் துணிக்குள் இவ்வளவு அழுக்கா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துணி உடனே உறிஞ்ச வேண்டும், முத்தாக நின்றால் இன்னொரு தடவை கொதிக்க வையுங்கள். அடுத்து 150 கிராமிலிருந்து 200 கிராம் கடுக்காய்ப்பொடியை வெந்நீரில் கரைத்து வடிகட்டி அதில் துணியை ஒரு ராத்திரி ஊறவிட்டு, பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்த வேண்டும். துணி வெண்ணெய் நிறத்துக்கு வரும். அப்புறம் 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் முழுசாகக் கரைத்து, துணி முங்கிப் புரளும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, அதில் ஒரு ராத்திரி. இரண்டு மடங்கு படிகாரம் போட்டால் இரண்டு மடங்கு நிறம் வரும் என்று ஒருமுறை ஆசைப்பட்டேன், துணி பிசுபிசுப்பாகி விறைத்துப் போனதுதான் மிச்சம்.

படிகாரத்திலிருந்து எடுத்த துணியை ஒருமுறை லேசாக அலசிவிட்டுத்தான் சாயத்தில் போட வேண்டும். நான் இதைத் தவிர்த்துப் பார்த்தேன், ஒட்டாமல் மேலே நின்ற படிகாரமெல்லாம் சாயத் தொட்டியில் இறங்கி அங்கேயே மோரினைப் பிடித்துக்கொண்டது, துணிக்கு வர வேண்டிய மஞ்சள் பாத்திரத்தின் அடியில் மண்டியாகப் படிந்தது.

சாயத்துக்கு ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோ கட்டை. வைரம் பாய்ந்த உள் கட்டைதான் வேண்டும், பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் நிறம் கிடையாது, சாக்கில் அது கலந்திருந்தால் எடையில்தான் ஏமாறுவோம். எனக்குச் சீவலும் தூளும் இப்போது ஒரு கடைசல் பட்டறையிலிருந்து வருகிறது. பண்ருட்டிப் பலாக்கட்டைக்கு மிருதங்கம் செய்கிறவர்களிடம் எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்ததுதானே, மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் உள்ளே குடைந்து எடுக்கும்போது விழுகிற தூள் முழுக்க வைரக் கட்டையின் தூள். அவர்கள் கொட்டி வைத்திருப்பதைக் கேட்டால் தருவார்கள், சும்மா வாங்க மனசு வராமல் நான் சாக்குக்கு ஏதோ கொடுத்துவிடுவேன். அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், எந்த மரத்தூளும் மூச்சில் போகக் கூடாது. வேறு மரத் தூள் கலந்திருக்கிறதா என்று முகர்ந்தும் பார்த்தும் வாங்குங்கள், தேக்குத் தூள் கலந்த ஒரு சாக்கு எனக்கு அழுக்கு மஞ்சள் கொடுத்தது.

தூளைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடுகிறேன். மோரின் குளிர்ந்த தண்ணீரில் சுலபமாக இறங்காது, சூடும் நேரமும் வேண்டும். தூளை மூட்டை கட்டாமல் போட்டுவிட்டால் நூலுக்குள் புகுந்துகொள்ளும், உதறி உதறிக் கை ஓயும். கொதித்ததும் மூட்டையை எடுத்துவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்த பின் நனைந்த துணியைப் போட்டு, கொதி வராமல் அடியில் சின்னச் சின்னக் குமிழ் மட்டும் எழும்பும் சூட்டில் ஒரு மணி நேரம், இடையிடையே புரட்டிக்கொண்டு. அப்படியே அடுப்பை அணைத்து மறுநாள் வரை விட்டுவிடுங்கள். எனக்கு வருகிற கடைசி அரைப்பங்கு நிறம் அந்த ஆறுகிற நேரத்தில்தான் ஏறுகிறது. அதே மூட்டையை மறுபடி கொதிக்க வைத்தால் இரண்டாம் தண்ணீரில் சந்தன நிறமும் மூன்றாம் தண்ணீரில் பால் மஞ்சளும் கிடைக்கும். குழந்தைச் சட்டைக்கு நான் எப்போதும் மூன்றாம் தண்ணீர்தான், அந்த நிறத்தை வேண்டுமென்று வரவழைக்க முடியாது.

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இரண்டு வருஷம் வீணானது தண்ணீரால்தான்.

எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர். கடலோர ஊர், உப்பும் இருக்கும், இடத்துக்கு இடம் இரும்பும் இருக்கும். நான் படிகாரம் சரியாகப் போட்டேன், கடுக்காய் சரியாகப் போட்டேன், ஆனாலும் எனக்கு வந்தது எல்லாம் ஒரு பாசி கலந்த சோகமான மஞ்சள். கட்டை பழசு என்று நினைத்தேன். புதுக் கட்டை வாங்கினேன். படிகாரக் கடையை மாற்றினேன். கடுக்காய்க்காரர் கலப்படம் செய்கிறார் என்று மனசுக்குள் திட்டினேன், பாவம். கடைசியில் ஒரு நாள் கடுக்காய் கரைத்த டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டு, மதியம் வந்து பார்த்தால் தண்ணீர் மை கரைத்த மாதிரிக் கருநீலமாக இருக்கிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. பழைய காலத்தில் எழுதுகிற மையே துவர்ப்புக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்ததுதான். என் தண்ணீரில் இரும்பு இருந்திருக்கிறது, அது என் மஞ்சளைத் தினமும் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

இதை நீங்கள் ஐந்து ரூபாய் செலவில் தெரிந்துகொள்ளலாம். ஒரு டம்ளரில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ, இரண்டிலும் அரை ஸ்பூன் கடுக்காய்ப்பொடி. அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். வீட்டுத் தண்ணீர் சாம்பல் நிறத்துக்கோ கறுப்புக்கோ போனால் அதில் மஞ்சள் ஏற்றாதீர்கள். நான் இப்போது மொட்டை மாடிக் குழாயிலிருந்து மழைத் தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடி வைக்கிறேன், ஐப்பசி கார்த்திகையில் பிடித்தது பங்குனி வரைக்கும் வருகிறது. முதல் மழையை விட்டுவிட்டு அப்புறம் வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும், மாடித் தூசியெல்லாம் முதல் மழையில் கழுவிப் போகட்டும். மழைத் தண்ணீரில் போட்ட முதல் துணியை எடுத்துக் கொடியில் போட்டபோது எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்தே, "என்னா கலர்டி அது, சரக்கொன்னப் பூ மாதிரி!" என்று கத்தினார். அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாத்திரமும் அப்படித்தான். இரும்புச் சட்டி கூடவே கூடாது, எவர்சில்வர் அண்டாதான். கலக்குகிற கரண்டி கூடத் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள், சாயத்துக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பை வேண்டுமென்றே சேர்த்தால் வேறு அழகு கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் ஏற்றி முடித்த துணியை, துணி எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அன்னபேதி கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் முக்கி எடுத்தால் காய்ந்த வேப்பிலை மாதிரி ஒரு பச்சை வரும். அதற்கு மேல் அன்னபேதி போனால் நாளடைவில் நூல் இற்றுவிடும், அதனால் அளவை மீறாதீர்கள்.

நல்ல பச்சை வேண்டும் என்றால் அவுரி நீலத்தோடு சேர்க்க வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிர் செய்து நீலம் எடுக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவின் செனகல் பக்கத்துக்குப் போன கினே என்ற நீலத் துணியும் அவுரி நீலம்தான். நான் மஞ்சளை முதலில் ஏற்றிவிட்டு அந்தத் துணியை நீலத்துக்குக் கொடுத்தேன், தப்பு. நீலத் தொட்டியில் சுண்ணாம்பு இருக்கும், அந்தக் காரம் என் மஞ்சளைக் கழற்றிவிட்டது. நீலம் முதலில், அதை நன்றாக அலசிக் காயவைத்து, அப்புறம் கடுக்காய், படிகாரம், பலா. இந்த வரிசையில் செய்த ஒரு துப்பட்டாவை இன்னும் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன்.

2022-இல் புதுச்சேரியில் ஒரு கடைக்குப் பன்னிரண்டு துப்பட்டா கொடுத்தேன், என் முதல் பெரிய ஆர்டர். ஒரு மாசத்தில் மூன்று திரும்பி வந்தது. கண்ணாடி அலமாரியில் மடித்து வைத்திருக்கிறார்கள், வெயில் படுகிற இடம். மடிப்பின் மேல்பக்கம் வெளுத்து, பிரித்துப் பார்த்தால் கோடு கோடாக இருந்தது. அவர்கள் பேசினது வலித்தது, ஆனால் தப்பு என்னுடையதுதான், நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மோரினும் குவெர்செட்டினும் சேர்ந்த வகையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி இருக்கிறது, வெளிச்சம் பட்டால் அங்கேதான் முதலில் உடையத் தொடங்கும். ஐரோப்பாவில் மஞ்சளுக்குப் பயன்படுத்திய வெல்ட் என்ற செடியின் லுட்டியோலினில் அந்த ஜோடி இல்லை, அதனால் அது வெயிலை இன்னும் தாங்கும். நம் பலாமஞ்சள் சமையல் மஞ்சளை விடப் பல மடங்கு நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன், மஞ்சள்தூள் போட்ட துணி நாலு நாள் வெயிலில் வெளிறிவிட்டது. ஆனால் தினமும் வெயிலில் தொங்குகிற திரைச்சீலைக்குப் பலா சரிப்படாது. இப்போது ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு வைக்கிறேன். நிழலில் உலர்த்தவும், மடித்து வெளிச்சத்தில் வைக்க வேண்டாம், சலவைச் சோடா கலந்த தூள் போட வேண்டாம், பூந்திக்கொட்டையோ மென்மையான சோப்போ போதும், எலுமிச்சை பட்டால் உடனே தண்ணீர் விடவும். கடைசி வரி அனுபவத்தில் வந்தது, ஒரு நிச்சயதார்த்தத்தில் சாத்துக்குடி ஜூஸ் தெறித்து என் தங்கச்சி தாவணியில் பொட்டுப் பொட்டாக வெளுத்தது. புளிப்பு பட்டால் வெளுக்கும், காரம் பட்டால் கருகின ஆரஞ்சுக்குப் போகும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் துணியைக் கூடவே போட்டு எடுத்து, பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டி வைக்கிறேன். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்துப் பார்த்து, மூடின பக்கத்துக்கும் மூடாத பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தத் தடவைத் துணி கடைக்குப் போகாது. நோட்டில் தேதி, எடை, எந்தச் சாக்குத் தூள், எந்த டிரம் தண்ணீர் எல்லாம் எழுதி அந்தத் துண்டை ஒட்டி வைக்கிறேன். இதை முதல் நாளிலிருந்து செய்திருந்தால் தண்ணீர் விஷயம் ஆறு மாசத்தில் பிடிபட்டிருக்கும்.

பட்டு பற்றிக் கேட்பார்கள். பட்டுக்குக் கடுக்காய் வேண்டாம், படிகாரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு போதும், சூடு இன்னும் குறைவாக. தங்க மஞ்சளாக வரும், பருத்தியை விடச் சுலபம்.

இன்னொன்றும் கேட்கிறார்கள், இந்தத் தண்ணீர் மூட்டு வலிக்கு நல்லதாமே, குடிக்கலாமா என்று. மோரினைப் பற்றிச் சோதனைக்கூடத்தில் செல்களிலும் எலிகளிலும் நிறையச் செய்து பார்க்கிறார்கள், அதை எங்கேயோ படித்துவிட்டுக் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. டம்ளரில் எடுத்துக் குடிக்கிற விஷயத்துக்கும் அதற்கும் வெகு தூரம். என் அண்டாவில் படிகாரம் இருக்கும், அன்னபேதி பட்ட கரண்டி போயிருக்கும். தயவு செய்து குடிக்காதீர்கள், மூட்டு வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

போன தை மாசம் பெரியப்பா வந்திருந்தார், இப்போது எழுபத்தெட்டு வயசு. பரணிலிருந்து அந்தச் சாக்கை இறக்கி, அவர் வைத்துக்கொண்ட மரத்தின் துண்டுகளை ஆசாரியிடம் கொடுத்துச் சீவச் சொன்னேன். பதின்மூன்று வருஷம் கிடந்த கட்டை, மேலே தொட்டால் கறுப்பு, இரண்டாவது இழுப்பில் அதே எலுமிச்சை மஞ்சள். குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் ஒருவரிடம் வாங்கின நாலு முழ வேட்டிக்கு அதில் நிறம் ஏற்றி, கரையை மட்டும் வெள்ளையாக விட்டுக் கொடுத்தேன். பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து பார்த்தார். "வாசல் மரமா?" என்றார். ஆமாம் பெரியப்பா என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, கட்டியிருந்த வேட்டிக்கு மேலேயே சுற்றிக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சாக்கில் இன்னும் நாலரை கிலோ இருக்கிறது. அவருடைய கொள்ளுப்பேத்திக்குக் காது குத்து வருகிறது, மூன்றாம் தண்ணீருக்கு எடுத்து வைத்திருக்கிறேன். டிரம்மில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, மழை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.